பொருள் புரியாத மொழியில் காதருகே ஒரு தாழ்ந்த குரல்

ஜப்பானிய வெகுசனப் பாட்டில் ஓர் ஆண் தாழ்ந்த குரலில் பாடும்போது, ஒரு சொல்லும் புரியாத உங்களுக்கு மனம் ஏன் இப்படி இளகிப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இது உடற்கூறு சார்ந்ததா, ஜப்பானியருக்கே உரிய ஒரு பண்பா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இன்றைய ஜப்பானியப் பாடகர்களில் பலர் உச்சத்தில் பாடும்போது பழைய பாட்டுகளில்தான் இந்தக் குரல் அதிகம் கேட்கிறதே என்ற ஐயத்தையும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். இரவில் ஹெட்போனில் கேட்கும்போது யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தன்னிடம் மட்டும் பேசுவதுபோல இருக்கிறது என்று இடையில் நீங்கள் எழுதியிருக்கும் வாக்கியம்தான் என்னைப் பதில் எழுத வைத்தது. குரல் எவ்வளவு ஆழம் என்பதைவிட, அது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையே நீங்கள் அங்கே வியந்திருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்த வியப்பிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் ஒலிப்பதிவுத் தொழிலில் 24 ஆண்டுகளாக இருப்பவன். அதில் 7 ஆண்டுகள் டோக்கியோவில் வேலை பார்த்தேன். குரல்களை மைக்குக்கு முன்னால் நிறுத்தி, அவற்றை வாத்தியங்களுக்கு நடுவே உட்கார வைப்பதே என் அன்றாட வேலை. ஆகவே ஒலியைப் பற்றியும், பாட்டு எப்படிப் பதிவாகிறது என்பதைப் பற்றியும் உறுதியாகப் பேச முடியும். மனித மனம் எதை, எதனால் விரும்புகிறது என்பது என் படிப்பு அன்று. அந்தப் பகுதிக்கு வரும்போது எனக்குத் தோன்றுவது இன்னது, பிறர் ஆய்ந்து சொன்னது இன்னது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். நமக்கு மிக ஆழமாகக் கேட்கும் ஜப்பானியப் பாடகர்களில் பெரும்பாலோர் உண்மையில் மிகக் கீழான சுரங்களில் பாடுவதில்லை. வளர்ந்த ஆணின் சாதாரணப் பேச்சுக்குரலே வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 அதிர்வுகளில் நடமாடுகிறது. ஓர் ஆண் ஒரு கட்டைச் சுருதியில் சட்ஜமம் பிடித்தால் 130 அதிர்வு; அங்கிருந்து மந்திர ஸ்தாயிப் பஞ்சமத்துக்கு இறங்கினால் 98. மேற்கத்திய வகைப்பாட்டில் பாரிடோன் என்று சொல்லப்படும் நடுத்தர ஆண்குரலுக்கு இந்த இடம் வீட்டு முற்றம் மாதிரி. தாழ்ந்த குரல் என்று ஜப்பானில் பேர்பெற்றவர்களில் பெரும்பாலோர் இந்தப் பாரிடோன்கள்தான். அதற்கும் கீழே இறங்கும் அசல் பேஸ் குரல்களைக் கேட்க வேண்டுமானால் ஆண்கள் நால்வர் குழுக்களிடம் போக வேண்டும். கேய்ஓ பல்கலைக்கழக மாணவர்கள் 1951இல் தொடங்கிய டார்க் டக்ஸ் குழுவில் அடிக்குரல் பாடியவரை ரசிகர்கள் ‘ஸோ-சான்’ என்று அழைத்தார்கள்; யானையார் என்று பொருள். ருஷ்ய நாட்டுப்பாடல்களை அந்தக் குழு ஜப்பானிய மொழியில் பாடிப் பரப்பியபோது, பாட்டுக்கு அடித்தளமாக நின்றது அந்தக் குரல். ஆனால் அது கட்டடத்தின் கடைக்கால் போன்றது, இல்லாவிட்டால்தான் தெரியும். உங்களை ஈர்த்தது அதுவன்று. தனியாக நின்று, மெல்லப் பாடி, பேச்சுக்குப் பக்கத்திலேயே உலாவும் குரல்தான் உங்களை ஈர்த்திருக்கிறது.

பேச்சுக்குரலின் எல்லைக்குள் பாடும் ஒருவர் நமக்கு ஏன் கிணற்றின் அடியிலிருந்து வருபவர்போலக் கேட்கிறார்? இதற்கான காரணம் திட்டவட்டமானது. ஒரு திசையிலிருந்து வரும் ஒலியை மட்டும் வாங்கும் வகை மைக்கை வாய்க்கு மிக அருகில் கொண்டுபோனால், அது கீழதிர்வுகளைக் கூட்டிக் காட்டும். மைக்கின் அமைப்பிலேயே உள்ள இயல்பு இது. டோக்கியோவில் நான் உதவியாளனாக இருந்தபோது நடந்த ஒரு பதிவு எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. நடுத்தர வயதுப் பாடகர் ஒருவர், நல்ல பாரிடோன், ஒரு சாண் தள்ளி நின்று பாடினார். சுருதியிலும் சொல்லிலும் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பாட்டு மேடையில் நடப்பதுபோலவே இருந்தது. மூத்த பொறியாளர் எழுந்துபோய், மைக்குக்கும் அவர் உதட்டுக்கும் நடுவே நான்கு விரற்கடை மட்டும் இருக்கும்படி ஸ்டாண்டை நகர்த்தினார். காற்று முட்டாமலிருக்க வடிதிரையைச் சற்றே சாய்த்தார். அவ்வளவுதான். ஹெட்போனில் தன் குரல் திடீரெனப் பெரிதாகி நெஞ்சுவரை அதிர்வதைக் கேட்ட பாடகர், தானாகவே குரலைக் குறைத்துக்கொண்டார், தோள்கள் இறங்கின, வரியின் கடைசி எழுத்தை இழுக்காமல் மூச்சிலேயே கரைய விட்டார். அந்த இரண்டாம் பதிவில் அவர் ஒரு சுரம்கூடக் கீழே இறங்கவில்லை. ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் குரல் ஆழமாகிவிட்டது என்றார்கள். அருகாமை கீழதிர்வைக் கூட்டுகிறது; கூடிய கீழதிர்வைக் கேட்கும் பாடகர் அடங்கிப் பாடுகிறார்; அடங்கிய பாட்டு நமக்கு இன்னும் அருகாமையாகிறது. இந்தச் சுற்றுதான் நீங்கள் கேட்டது.

உடலின் பங்கும் இதில் உண்டு. மெல்லப் பாடும்போது குரல்வளை மேலேறாமல் தாழ்ந்தே நிற்கிறது. அதனால் தொண்டையின் ஒலியறை நீண்டு, சுரம் மாறாமலே குரலின் நிறம் கறுக்கிறது. தாழ்ந்த சுரம் வேறு, கறுத்த நிறம் வேறு; கேட்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே ஆழம் என்று சொல்கிறோம்.

மைக் இல்லாமல் இந்தப் பாணி பிறந்திருக்க முடியாது என்பதை வரலாறும் காட்டுகிறது. மின்சார முறை ஒலிப்பதிவு ஜப்பானுக்கு 1920களின் இறுதியில் வந்தது. அதற்கு முன் உலோகக் கூம்புக்குள் உரக்கப் பாடினால்தான் தட்டில் குரல் ஏறும். டோக்கியோ இசைப்பள்ளியில் மேற்கத்திய முறைப்படி பயின்ற மாணவரான ஃபுஜியாமா இச்சிரோ, 1931இல் கோகா மசாவோவின் மெட்டு ஒன்றைக் கச்சேரிக் குரலை விட்டுவிட்டு மைக்கிடம் பேசுவதுபோலப் பாடினார். மதுவைக் கண்ணீரோடும் பெருமூச்சோடும் சேர்த்துப் பாடும் அந்தப் பாட்டு நாடெங்கும் பரவியது. ஃபுஜியாமாவின் குரல் அப்படியொன்றும் கனமானதன்று. ஆனால் உரக்கப் பாடாமலும் ஓர் ஆண் பாட்டுக்காரனாக இருக்கலாம் என்ற கதவு அங்கேதான் திறந்தது.

அந்தக் கதவு வழியே முழு ஆளாக உள்ளே வந்தவர் ஃபிராங்க் நாகாய். உங்கள் கேள்விக்கு ஒரே ஒரு பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் இவர் பெயரைத்தான் சொல்வேன். 1932இல் வடகிழக்கு ஜப்பானின் மியாகி மாநிலத்தில் பிறந்தவர். போருக்குப் பிறகு அமெரிக்கப் படைமுகாம்களில் வண்டி ஓட்டும் வேலை பார்த்து, பிறகு அதே முகாம்களின் மனமகிழ் மன்றங்களில் அமெரிக்க வீரர்களுக்கு ஜாஸ் பாடினார். 1955இல் இசைத்தட்டு உலகுக்கு வந்தபோதும் அமெரிக்கப் பாட்டோடுதான் வந்தார். அவரை ஜப்பானிய மொழி மெல்லிசைக்குத் திருப்பியவர் இசையமைப்பாளர் யோஷிதா தாதாஷி. போர்க்கைதியாக சைபீரியாவில் இருந்து மீண்டு வந்த யோஷிதாவுக்கு, நகரத்து இரவை, அதன் மழையை, மங்கிய விளக்கைப் பாட்டாக்க வேண்டும் என்ற தாகம் இருந்தது. அதற்கான குரல் இந்த இளைஞரிடம் இருந்தது.

1957 மே மாதம், ஒசாகாவைச் சேர்ந்த பெரிய பல்பொருள் அங்காடி ஒன்று டோக்கியோவின் யூராகுச்சோ பகுதியில் கிளை திறந்தது. ‘யூராகுச்சோவில் சந்திப்போம்’ என்பது அதன் விளம்பர வாசகம். அந்த வாசகத்தையே தலைப்பாக்கி, சாயெகி தகாவோ எழுதி, யோஷிதா மெட்டமைத்து, நாகாய் பாடிய பாட்டு அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்து நாட்டையே பிடித்துக்கொண்டது. கவனியுங்கள்: 1952 வரை அமெரிக்க ஆக்கிரமிப்புப் படையின் தலைமையகம் இருந்ததும் இதே யூராகுச்சோ பக்கம்தான். ஐந்தே ஆண்டுகளில் அந்த இடம் காதலர்கள் மழைக்கு ஒதுங்கிக் காத்திருக்கும் இடமாகப் பாட்டில் மாறுகிறது. அதைப் பாடுபவர் அமெரிக்க வீரர்களுக்குப் பாடிப் பழகிய ஒருவர். அந்தத் தாழ்ந்த குரலில் பதற்றமே இல்லை. தோற்று, பசித்து, இடிபாடுகளுக்கு நடுவே பத்தாண்டுகளைக் கழித்த ஒரு நகரத்துக்கு, அவசரப்படாத ஓர் ஆண்குரல் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். பாட்டுக்கும் இடத்துக்கும் உள்ள உறவு பதிவான செய்தி. ஆறுதல் என்பது என் வாசிப்பு.

‘மிவாகு நோ தெய்ஓன்’ என்று நாகாயை விளம்பரப்படுத்தினார்கள்; மயக்கும் கீழ்க்குரல் என்று பொருள். அந்த ஆண்டுகளில் வந்த தாழ்ந்த குரல்களின் வரிசையையே ‘தெய்ஓன் பூம்’, அதாவது கீழ்க்குரல் அலை என்று பத்திரிகைகள் அழைத்தன. அதன் வலுவைக் காட்ட ஒரு சான்று போதும். ஜப்பான் இசைத்தட்டு விருது 1959இல் தொடங்கியது. முதல் ஆண்டின் தலைமை விருது, கனத்த, சற்றே புகை படிந்த குரல் கொண்ட மிஸுஹாரா ஹிரோஷிக்கு. இரண்டாம் ஆண்டு விருது, மாட்சுவோ கஸுகோவும் மாஹினா ஸ்டார்ஸ் குழுவும் பாடிய யோஷிதாவின் இரவு மெட்டுக்கு. மூன்றாம் ஆண்டு 1961இல், ‘கிமி கோய்ஷி’ என்ற போருக்கு முந்தைய பாட்டை மறுபடி பாடிய நாகாய்க்கு. முதல் மூன்று ஆண்டுகளும் விருது இரவுப் பாட்டுக்கே போயிற்று. அவற்றில் இரண்டு தாழ்ந்த ஆண்குரலுக்கு. ஆண்டு முடிவில் நாடே உட்கார்ந்து பார்க்கும் கோஹாகு பாட்டுப்போட்டி நிகழ்ச்சியில் 1957 தொடங்கி 26 ஆண்டுகள் தொடர்ந்து நாகாய் பாடினார்.

இதே காலத்தில் திரையிலிருந்து வந்த குரல் இஷிஹாரா யூஜிரோ. அவர் பாட்டுப் பயின்றவர் அல்லர். நிக்காட்சு நிறுவனத்தின் பெரிய நட்சத்திரம். நாகாயின் குரலில் பயிற்சியின் மெருகு இருக்கிறது. யூஜிரோவின் குரலில் அது இல்லை, இருக்கவேண்டிய தேவையும் இல்லை. ஒரு மனிதர் தன் நாற்காலியை விட்டு எழாமல் பாடுவதுபோல அவர் பாடுவார். 1961இல் மாகிமுரா ஜுன்கோவோடு அவர் பாடிய, டோக்கியோவின் கின்ஸா பகுதியைப் பற்றிய காதல் பாட்டு, கரோக்கியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் பாட்டு என்றாலே முதலில் நினைவுக்கு வருவது. அந்தப் பாட்டு இவ்வளவு காலம் நிலைத்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஆணுக்குரிய வரிகள் சாதாரண ஆண்களின் தொண்டை எட்டும் இடத்திலேயே இருக்கின்றன. அலுவலக வேலை முடிந்து வரும் ஒருவர் கழுத்து நரம்பு புடைக்காமல் அதைப் பாடிவிடலாம்.

இந்தக் காட்சியை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஜப்பானில் ‘ஸ்நாக்கு’ என்று சொல்லப்படும் சிறு மதுக்கூடங்கள் உண்டு: எட்டுப் பத்துப் பேர் உட்காரலாம், கல்லாவுக்குப் பின்னால் உரிமையாளரான அம்மாள் நிற்பார், எல்லோரும் அவரை ‘மாமா’ என்பார்கள் (அங்கே அதற்கு அம்மா என்று பொருள்), மூலையில் கரோக்கிப் பெட்டி இருக்கும். நான் குடியிருந்த தெருவின் ஸ்நாக்குக்கு வாரந்தோறும் வரும் ஒரு பெரியவர், அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எழுபது கடந்தவர். பேசும்போது அவருடைய குரல் மெலிந்து, சற்றே கீச்சென்றுகூட இருக்கும். அவர் நாகாயின் பாட்டைத் தேர்ந்தெடுத்து, மைக்கை மோவாயில் ஏறக்குறைய ஒட்டிவைத்துக்கொண்டு, கண்களைத் தாழ்த்திப் பாடத் தொடங்கினால், கல்லாப்பக்கப் பேச்சு தானாக அடங்கும். பாடி முடித்ததும் மைக்கைத் துணியால் துடைத்து, இரண்டு கைகளாலும் அடுத்தவரிடம் கொடுப்பார். அவரிடம் இல்லாத ஆழத்தை மைக் அவருக்குக் கடனாகக் கொடுத்தது உண்மை. ஆனால் கடன் வாங்கியதை எப்படிச் செலவழிப்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வரியில்கூட அவர் குரலைக் காட்டிக்கொள்ள முயலவில்லை.

காட்டிக்கொள்ளாத இந்தப் பண்புக்கு ஜப்பானிய மொழியில் சரியான ஒரு சொல் இருக்கிறது: ‘ஷிபுய்’. நல்ல தாழ்ந்த குரலைக் கேட்டதும் ஜப்பானியர் வாயில் முதலில் வருவது இந்தச் சொல்தான். அதன் நேர்ப்பொருள் துவர்ப்பு. பழுக்காத பெர்சிமன் பழத்தைக் கடித்தால் நாக்கைப் பிடிக்குமே, அந்தச் சுவை. இனிப்பும் பகட்டும் இல்லாத, வயதும் அடக்கமும் சேர்ந்து வரும் அழகுக்கு அந்தச் சுவையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அறுசுவையில் துவர்ப்புக்கும் இடம் கொடுத்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாக்கும் நெல்லிக்காயும் மெல்லும் நாக்குக்கு அது தெரியும். இளைஞர்கள் இப்போது ‘இகெபோ’ என்ற சொல்லையும் வழங்குகிறார்கள். அழகன் என்பதன் முற்பாதியையும் குரல் என்ற ஆங்கிலச் சொல்லின் ஜப்பானிய வடிவத்தையும் ஒட்டிய சொல் அது, அனிமே குரல்நடிகர்களைப் பற்றித்தான் பெரும்பாலும் வருகிறது. இகெபோ கவர்ச்சியைச் சொல்வது. ஷிபுய் பக்குவத்தைச் சொல்வது. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் பாட்டுகள் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

மொழியின் ஓசையும் இந்தக் குரலுக்குத் துணைபோகிறது. ஜப்பானிய மொழியில் உயிரொலிகள் ஐந்தே. பெரும்பாலான அசைகள் உயிரில் முடிகின்றன. மெய்கள் கூட்டமாக வந்து முட்டிக்கொள்வதில்லை. அதனால் மெல்லிய, தாழ்ந்த குரலிலும் சொல் சிதையாது. சொல்லின் இறுதியிலும் இடையிலும் வரும் ‘ன்’ ஒலி, தனக்கென ஒரு முழுத் தாளஅளவை எடுத்துக்கொள்கிறது. தாழ்ந்த குரலில் அது ஒரு ரீங்காரமாகவே நின்றுவிடும். இன்னொன்றை நீங்களே காது கொடுத்துப் பாருங்கள். பழைய தலைமுறைப் பாடகர்களும் வானொலி அறிவிப்பாளர்களும் சொல்லின் நடுவில் வரும் ‘க’வின் மெல்லொலியை நம் ‘ங’ போல மூக்கால் ஒலிக்கும்படி பயிற்றுவிக்கப்பட்டவர்கள். எழுவாயை அடுத்து வரும் ‘கா’ என்ற உருபு அவர்கள் வாயில் ‘ஙா’ ஆகிவிடும். வல்லோசை போய் மூக்கோசை வந்ததும் வரி எங்கும் முறியாமல் ஒரே இழையாக ஓடுகிறது. நாகாய் பிறந்த வடகிழக்குப் பகுதியின் பேச்சுவழக்கிலேயே இந்த ‘ங’ இருக்கிறது. அவருடைய வரிகள் அவ்வளவு வழுவழுப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் ஊகிக்கிறேன்.

கீழ்க்குரல் அலை எழுந்த காலத்துக் கருவிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானின் முதல் டிரான்சிஸ்டர் வானொலி 1955இல் வந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும் அளவு 1957இல். உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் 110 அதிர்வுள்ள சுரத்தை உருப்படியாக ஒலிக்க முடியாது. ஆனால் அந்தச் சுரத்தோடு பிறக்கும் 220, 330, 440 ஆகிய மேலடுக்குகளை அது ஒலித்துவிடும். அந்த அடுக்குகளுக்கு இடையிலான இடைவெளியைக் கொண்டு, வராத அடிச்சுரத்தை நம் மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. ஆகவே சிறிய வானொலியில் கேட்டவர்களுக்கும் நாகாய் தாழ்ந்த குரல்காரராகவே கேட்டார். இதில் ஐயத்துக்கு இடமில்லை. சிறிய ஸ்பீக்கரில் தாழ்ந்த குரல் எடுபடாது என்று சொல்பவர்கள் காதின் இந்தத் திறமையைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் இன்றைய ஆண்பாடகர்கள் ஏன் உச்சத்துக்கு ஓடுகிறார்கள்? என் தொழில் அனுபவம் நேரடியாகப் பதில் சொல்லும் கேள்வி இது. 100 முதல் 250 அதிர்வு வரையிலான பகுதி ஓர் ஒடுங்கிய சந்து. அதில் பேஸ் கிடார், டிரம்மின் அடியோசை, பியானோவின் இடக்கைப் பகுதி, கனத்த கிடார் எல்லாம் போகின்றன. தாழ்ந்த குரலும் அதே சந்தில் போக வேண்டும். 1950களின் இரவுப் பாட்டுகளில் குரலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்: தூரிகைக் குச்சியால் வருடும் டிரம், விரலால் மீட்டும் டபுள் பேஸ், குரல் ஓய்ந்த இடத்தில் மட்டும் வாய்திறக்கும் டெனர் சாக்ஸ், எங்கோ ஒரு வைப்ரஃபோன் துளி. குரலுக்கு வழிவிட்டு எல்லோரும் சுவரோரமாக நிற்கிறார்கள். இன்றைய ஜப்பானியப் பாட்டில் வேகம் அதிகம், அடுக்குகள் அதிகம், எல்லாம் ஒரே உரப்பில் நெரிசலாக இருக்கும். காதும் 2,000 முதல் 5,000 அதிர்வு வரையிலான பகுதியைத்தான் மிகக் கூர்மையாக வாங்குகிறது. அந்த நெரிசலில் கேட்க வேண்டுமானால் குரல் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். 2019 வாக்கில் பெருவெற்றி பெற்ற கிங் க்னூ, ஆஃபிஷியல் ஹிகெ டான்டிசம் போன்ற குழுக்களின் பாட்டுகளை, அச்சகப் பெரியவரைப் போன்ற ஒருவர் கரோக்கியில் சுருதிப் பொத்தானைப் பலமுறை கீழே அழுத்தினால்தான் தொடவே முடியும். அவை அருமையான பாட்டுகள். உயரம் தரும் கிளர்ச்சி அவற்றின் நோக்கம். தாழ்ந்த குரலுக்கு அங்கே நிற்க இடமில்லை என்பதுதான் செய்தி.

இடம் கிடைத்தபோதெல்லாம் அது திரும்பி வந்திருக்கிறது. 1981இல் தெராவோ அகிரா பாடிய ‘ரூபி நோ யுபிவா’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் யூஜிரோவின் நிறுவனத்தில் இருந்த நடிகர், முன்பு ஓர் இசைக்குழுவில் பேஸ் கிடார் வாசித்தவர், பின்னாளில் குரோசாவா அகிராவின் படங்களில் நடித்தவர். தானே மெட்டமைத்த அந்தப் பாட்டில் அவர் பாடுகிறாரா, கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு முணுமுணுக்கிறாரா என்று சொல்ல முடியாது. சொற்கள் உதிரும், எதையும் நீட்டமாட்டார். மாட்சுமோதோ தகாஷியின் வரிகள், பிரிந்துபோன பெண்ணை இன்னும் தெருவில் தேடும் ஒருவரைப் பற்றியவை. அந்த மனிதர் அழுதால் பாட்டு கெட்டுவிடும்; அழாததால்தான் நமக்கு அழுகை வருகிறது. விற்பனைப் பட்டியலில் 10 வாரங்கள் தொடர்ந்து முதலிடத்தில் நின்ற அந்தப் பாட்டுக்கே அந்த ஆண்டின் இசைத்தட்டு விருதும் கிடைத்தது. ஒளிமிகுந்த, துள்ளலான பாட்டுகள் கோலோச்சிய காலத்தில் இது நடந்தது.

வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தவர் ஹோசோனோ ஹாருஓமி. 1971இல் ஹாப்பி எண்ட் குழுவுக்காக, காற்றைச் சேகரிப்பதைப் பற்றிய ஒரு பாட்டை அவர் பாடினார். 2003இல் வந்த, டோக்கியோவில் நடக்கும் ஓர் ஆங்கிலப் படத்தின் வழியாக உலகம் அதைக் கேட்டது. அந்தக் குரலில் காதலனின் மயக்கும் தொனி இல்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் குரல் அது. ராக்கில் சகுராய் அட்சுஷி இருந்தார். பக்-டிக் குழுவில் முதலில் டிரம் வாசித்து, பிறகு முன்னுக்கு வந்து பாடியவர். 2023 அக்டோபரில் மேடையில் உடல்நலம் குன்றி மறைந்தார். இரைச்சலான கிடார்களுக்கு நடுவே அவருடைய பாரிடோன் பயத்தையும் கனிவையும் ஒரே வரியில் தந்தது. அவருடைய இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. 2000இல் ‘சகுராஸகா’ என்ற பாட்டின் தட்டை 20 லட்சத்துக்கும் மேல் விற்ற ஃபுகுயாமா மசாஹாருவும் அடக்கமான கீழ்க்குரல்காரர்தான். எங்கா என்ற, மரபுச் சாயல் கொண்ட உருக்கமான மெல்லிசை மேடையின் முராதா ஹிதேவோ போன்றவர்களை நான் இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அவர்கள் ரோக்யோகு என்ற கதைப்பாட்டு மரபிலிருந்து வந்தவர்கள். தொண்டையை இறுக்கிப் பெறும் அந்தக் கரகரப்பு வேறு அழகு. கரகரப்பையும் ஆழத்தையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

இனி ஐயத்துக்குரிய பகுதி. உடற்கூறுதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். ஆணின் தாழ்ந்த பேச்சுக்குரலைப் பெண்கள் கூடுதலாக விரும்புவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தான்சானியாவின் ஹட்ஸா மக்களிடையே நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, தாழ்ந்த குரலுடைய ஆண்களுக்குக் குழந்தைகள் அதிகம் என்றது. ஆனால் இவை பேச்சைப் பற்றியவை, பாட்டைப் பற்றியவை அல்ல. தாழ்ந்த குரல்தான் இயற்கையான விருப்பம் என்றால், உச்சத்தில் பாடும் ஆண்களுக்கு ஜப்பானில் இன்று இவ்வளவு ரசிகைகள் இருப்பதை எப்படி விளக்குவது? உடற்கூறு ஒரு சாய்வைத் தரலாம். ஒரு நாட்டின் பாட்டு ரசனையை அது தீர்மானிப்பதில்லை என்பதே என் கருத்து. குரலைப் பற்றிய சமூக எதிர்பார்ப்பு இதைவிட வலுவான காரணமாக எனக்குப் படுகிறது. ஜப்பானியப் பெண்களையும் டச்சுப் பெண்களையும் ஒப்பிட்டு 1995இல் வெளியான ஓர் ஆய்வு, ஜப்பானியப் பெண்கள் உயர்ந்த சுருதியில் பேசுவதையும், ஆண் இப்படி, பெண் இப்படி என்ற எதிர்பார்ப்பின் இடைவெளி ஜப்பானில் அகலமாக இருப்பதையும் காட்டியது. உயர்ந்த குரலில் பணிவு ஒலிக்கும் ஒரு சமூகத்தில், பணியவும் அதட்டவும் செய்யாத ஒரு தாழ்ந்த ஆண்குரல் அபூர்வமான பொருளாகிவிடுகிறது.

மரபைப் பற்றியும் சிலர் சொல்வார்கள்: ‘நோ’ என்ற பழைய முகமூடி நாடகத்தின் ‘உதாய்’ பாட்டு அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த குரலில்தான் நடக்கும், பெண் வேடம் தரித்தவரும் அதே குரலில்தான் பாடுவார்; ஆகவே தாழ்ந்த குரல் ஜப்பானியரின் இரத்தத்திலேயே இருக்கிறது என்று. நோ பற்றிய செய்தி சரி. அதிலிருந்து நாகாய்க்கு ஒரு கோடு இழுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாகாய் வந்த வழி படைமுகாம், ஜாஸ், மைக். கேட்பவர்களின் காது நோவிலும் பௌத்த ஓதலிலும் பழகியிருந்ததால் கனத்த குரலை எளிதில் வரவேற்றது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதுவும் மெய்ப்பிக்க முடிந்த செய்தியன்று.

நீங்கள் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். ‘கிமி கோய்ஷி’ பாட்டை, 1920களின் இறுதியில் ஃபுதாமுரா தெய்இச்சி பாடிய பதிவில் முதலில் கேளுங்கள். ஆடத் தூண்டும் நடை, முன்னோக்கி வீசும் குரல். உடனே நாகாயின் 1961 பதிவைப் போடுங்கள். மெட்டும் வரிகளும் அவையே. நடை தளர்ந்திருக்கும், முதல் வரியே கீழிருந்து எழும், அந்தி இறங்குவதைச் சொல்லும் சொற்களுக்குக் குரலும் இறங்கி வழிகாட்டும். ஹெட்போனின் ஒலியைக் கூட்டாதீர்கள். பேச்சளவுக்கு வைத்து, வரி முடியும் இடங்களில் மூச்சு எப்படி விடப்படுகிறது என்று மட்டும் கவனியுங்கள். நான் டோக்கியோவை விட்டு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கசே ஃபுஜீ போன்ற இன்றைய இளம் பாரிடோன்களின் பதிவறைக்குள் நான் இருந்ததில்லை. அவர்களைப் பற்றி, இப்போது அங்கே மைக் முன்னால் வேலை செய்பவர் யாராவது எழுதினால் நானும் ஆவலோடு படிப்பேன்.